மணி அடிக்காத நாட்கள்

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கிறது சாந்திவனம். விடியலில் ஒரு மணி நேரம், அந்தியில் ஒரு மணி நேரம் அங்கே தியானம். அவரவர் மரத்தடியிலோ ஆற்றோரத்திலோ உட்கார்ந்துகொள்கிறார்கள். முதன்முதலாக அங்கே உட்கார்ந்தபோது எனக்கு நேரம் நகரவே இல்லை. வாய்தான் மூடியிருந்தது, உள்ளே சந்தை இரைச்சல்.

எங்கள் ஊர்ப் பெரிய வியாழன் நினைவுக்கு வந்தது. ‘உன்னதங்களிலே’ பாடும்போது எல்லா மணிகளும் சேர்ந்து அடிக்கும். அதோடு சரி. பாஸ்கா இரவு வரைக்கும் கோயில் மணி பேசாது. மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். பாட்டி அடுப்படியில் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைப்பார். “ஆண்டவர் கல்லறையில இருக்காருய்யா, சத்தம் போடாத” என்பார். தியானத்தைப் பற்றி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

சாந்திவனத்தை 1950 மார்ச் 21-இல் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள். ஒருவர் குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்த மோன்ஷனேன். மற்றவர் பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர். 1949-இல் ரமணரைத் தரிசித்தவர், 1952 முதல் அருணாசலக் குகைகளில் போய்த் தங்கினார். 1956-இல் கும்பகோணத்தில் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தனியறையில் மௌனம் காத்தார். மடத்து மௌனத்தில் பல்லாண்டு ஊறியவரையே அந்தக் குகைகள் உலுக்கிவிட்டன. கற்ற இறையியலுக்கும் கண்ட அனுபவத்துக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் அல்லாடினார். மௌனம் என்றாலே நிம்மதி என்பவர்களை நான் நம்புவதில்லை.

வனத்து அந்தோணியாருக்கும் எகிப்துப் பாலைவனத்தில் நிம்மதியா வாய்த்தது? பாழ்கோட்டைக்குள் இருபது ஆண்டுகள் பேய்களோடு மல்லுக்கு நின்றார். ஆனால் வெளியே வந்ததும் அவர் செய்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். துக்கத்தில் இருந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னார், பகைத்து நின்றவர்களைச் சேர்த்துவைத்தார் என்று அத்தனாசியார் எழுதியிருக்கிறார். தனிமை அவரை மனிதர்களிடமே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அடுத்தடுத்து சாந்திவனம் போனபோது எனக்கும் அது கொஞ்சம் விளங்கிற்று. இரைச்சல் வடிந்த பிறகு, பேச்சு அறுந்துபோன சொந்தக்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. செபம் அங்கேதான் தொடங்கியது.

இப்போதெல்லாம் தவக்கால ஒடுக்கத்துக்குப் போனாலும் காலை முதல் மாலை வரை மைக்தான். பூசையிலும் அப்படியே. வாசகத்துக்குப் பின், மறையுரைக்குப் பின், நற்கருணைக்குப் பின் மௌனம் வேண்டும் என்று திருப்பலி நூலே சொல்கிறது. பங்குச் சாமிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: நற்கருணை வாங்கி முழந்தாளிட்டிருக்கும் சனங்களுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். பாட்டும் வேண்டாம், அறிவிப்புகள் அதன்பிறகு வரட்டும்.