‘எழில் கொஞ்சும் கிராமம்’ – யாருக்கு?

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் தான் எடுத்த புகைப்படத்தை அனுப்பினார். பச்சை வயல், தென்னை மரங்கள், தூரத்தில் கோபுரம், குனிந்து நாற்று நடும் பெண்கள். கீழே ‘எழில் கொஞ்சும் கிராமம்’ என்று எழுதி, “தலைப்பு சரியா அண்ணா?” என்று கேட்டிருந்தார்.

என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை. என் அம்மா நடவுக்குப் போனவர். ராத்திரி சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோபுரம் இருக்கும் தெருவில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தவர். வயலைப் பார்த்து அவர் ஒருநாளும் எழில் என்றதில்லை. “இன்னும் எத்தன முடி கெடக்கு?” என்றுதான் கேட்பார்.

இதே பொருளில் ஆங்கிலத்தில் ‘இடிலிக்’ என்பார்கள். அதன் கிரேக்க வேருக்குச் ‘சிறு படம்’ என்று பொருள் சொல்வார்கள். படம் என்றால் அதற்கு ஒரு சட்டம் இருக்கும். ஊர் சட்டத்துக்குள்ளே, சேரி வெளியே.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் உடைத்தது இந்தப் படத்தைத்தான். இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று மெட்காஃப் புகழ்ந்ததைச் சுட்டிக்காட்டினார். அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் மண்டிய இடமே கிராமம் என்றார். வரைவு அரசியலமைப்பு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக ஏற்றதில் தனக்கு மகிழ்ச்சி என்றும் சொன்னார். இருபது ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கீழவெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அதுவும் பச்சை வயல்கள் சூழ்ந்த ஊர்தான்.

அப்படியானால் வயலை அழகு என்று சொல்லவே கூடாதா தோழர்களே? சொல்லலாம். அந்த அழகு நம் பெண்களின் உழைப்பு. உழைத்தவரை மறைத்துவிட்டு ஊரைப் புகழும்போதுதான் அந்தச் சொல் பொய்யாகிறது.

மாணவருக்கு இப்படி எழுதினேன்: “படம் நன்றாக இருக்கிறது தம்பி. அந்த அம்மாக்களின் பெயரையும் அன்றைய கூலியையும் கேட்டு, அதையே தலைப்பாகப் போடு. அடுத்த படத்தை அவர்கள் தெருவில் எடு, அவர்கள் சம்மதித்தால்.”

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “பெயர் கேட்கணும்னே தோணல அண்ணா. நாளைக்குப் போறேன்.”

ஜெய்பீம்.