11 நிமிடமும் 16 நோன்பும்



2025ஆம் ஆண்டு ரமளானில் நமது சொந்த வீட்டில் நேர்ந்த ஒரு பிழையை இங்கே எழுதுகிறோம். பெயர் குறிப்பிடாமல், யாரோ ஒருவர் வீட்டில் நடந்ததாக எழுதியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தொழுகை நேரங்களைப் பாடமாக நடத்துகிற நமது வீட்டில் அது நடந்தது என்பதுதான் இதில் முக்கியமானது.

நம் தாயார் எழுபதைக் கடந்தவர்கள். பெரியகுளத்திலிருந்து சோத்துப்பாறை செல்லும் பக்கம், மாந்தோப்பை ஒட்டிய பழைய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார்கள். காற்று எதிர்த்து வீசும் மாலைகளில் பள்ளிவாசலின் பாங்கு அங்கே கேட்பதில்லை. அதனால் சென்னையில் வசிக்கும் நம் தம்பி, தாம் பயன்படுத்திய கைப்பேசியில் பாங்கு ஒலிக்கும் செயலியை அமைத்து, நோன்பு தொடங்குமுன் கொண்டுவந்து கொடுத்துச் சென்றார். நாமோ மாலை நேரத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி பரிமாறும் பணியில் இருப்போம். ஒருநாளும் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை.

17ஆம் நோன்பன்று காய்ச்சல் கண்டு வீட்டில் படுத்திருந்தோம். 6:20க்குக் கைப்பேசியில் பாங்கு ஒலித்தது. தாயார் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார்கள்.

"அம்மா, பொறுங்க. இன்னும் நேரம் ஆகலையே."

"பாங்கு சொல்லிருச்சே தம்பி. பொழுதும் மலைக்குள்ள போயிருச்சு, நீயே பாரு."

கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். செயலியில் ஊர் சென்னை என்றே இருந்தது. பெரியகுளத்தில் அன்று சூரியன் மறைந்தது 6:31க்கு. அந்த ஒரு நோன்பு காப்பாற்றப்பட்டது. முந்தைய 16 நோன்புகளும் சூரியன் மறையுமுன்னரே திறக்கப்பட்டிருந்தன.

அந்த 11 நிமிடம் எங்கிருந்து வந்தது? நமது மதரஸாவில் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்குதான் இது. பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகையை 24ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 15 பாகை, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80.27 பாகையில் இருக்கிறது, பெரியகுளம் 77.55 பாகையில். ஏறக்குறைய 2.7 பாகை வேறுபாடு. நான்கால் பெருக்கினால் 11 நிமிடம். சென்னையில் மறைந்த சூரியன் நமக்கு மறைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது. நாடு முழுவதற்கும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஒரே கடிகார நேரம் வகுத்துக்கொண்டது நமது வசதிக்காக. தொழுகையும் நோன்பும் அந்தந்த ஊரின் சூரியனைப் பின்பற்றுபவை.

தாயார் சொன்ன மலை விஷயம் இதைவிட நுட்பமானது. மேற்கே மலை நிற்பதால் அந்தத் தோப்பில் வெயில் முன்னதாகவே போய்விடும். சென்னைப் பாங்கு ஒலிக்கும்போது கண்ணுக்கெதிரே சூரியனும் இல்லை என்றால் யாருக்குத்தான் ஐயம் எழும்? ஆனால் மலைக்குப் பின்னால் போவது மறைவு ஆகாது. மலைகள் சூழ்ந்த ஊர்களில் உயரமான இடங்களிலிருந்து வெயில் நீங்கியதா, கிழக்கில் இருள் எழுந்ததா என்று பார்க்கும்படி ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. அன்று தாயாரை முற்றத்துக்கு அழைத்துச் சென்று வடக்கே காட்டினோம். கொடைக்கானல் மலையின் உச்சிப் பாறைகளில் வெயில் மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது. (அந்த மலைமேல் மேற்கு வெளி தெரியும் இடத்தில் நிற்பவர் நம்மைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகச் சூரியனைக் காண்பார். துபாயின் புர்ஜ் கலீஃபா கோபுரத்தில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்போர் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்போர் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் அறிவித்ததும் இதனால்தான்.)

மூத்த ஆலிம் ஒருவரிடம் சட்டம் கேட்டோம். வேறு கருத்துடைய அறிஞர்களும் உண்டு. ஆயினும் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின்படியும் அறியாமல் திறந்ததற்குப் பாவமில்லை, கஃப்பாராவும் இல்லை, கழா உண்டு. தாயாரிடம் இதைச் சொல்ல நமக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"பதினோரு நிமிசத்துக்குப் பதினாறு நோன்பா?" என்று மட்டும் கேட்டார்கள். தம்பியை ஒரு சொல் சொல்லவில்லை. நம்மையும்தான். அது நமக்கு இன்னும் கடினமாக இருந்தது.

பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே முவக்கித் என்னும் பொறுப்பாளரை நியமித்த சமுதாயம் நம்முடையது. திமிஷ்கின் உமையா பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாதிர், அதன் மினாராவில் 1371இல் சூரியக் கடிகாரம் அமைத்தார். அதற்கும் மூன்று நூற்றாண்டு முன்பு, ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கண்டறியும் முறைக்கென அல்பிரூனி தனி நூல் எழுதினார். கிப்லாவைச் சரியாக அறிவதும் அவர் நோக்கங்களில் ஒன்று. நாமோ கையில் செயற்கைக்கோளோடு பேசும் கருவியை வைத்துக்கொண்டு, அதில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இருந்துவிட்டோம்.

அந்த ஷவ்வாலிலிருந்து மதரஸா முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சி ஒன்றை நட்டிருக்கிறோம். நண்பகல் நிழலை அளப்பது பிள்ளைகளின் வேலை. நமது ஊர் வடக்கு அட்சரேகை 10.12 பாகையில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. குச்சிக்கு நிழலே இருப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜூன் பிற்பகுதியில் அது சுமார் 24 சென்டிமீட்டர். "ஹஜ்ரத், நெழல் திசை மாறிப் போச்சு!" என்று ஒரு சிறுமி ஓடிவந்தாள். டிசம்பரில் நிழல் வடக்கே 66 சென்டிமீட்டர் நீள்கிறது. அஸர் நேரம் கணிக்கும்போது இந்த நண்பகல் நிழலைக் கழித்துவிட்டே அளக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட எளிய வழி நமக்குக் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் காரணம் பூமியின் அச்சு ஏறக்குறைய 23.5 பாகை சாய்ந்திருப்பது. சூரியனுக்கு அருகே போவதால்தான் கோடை வருகிறது என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் நம்புகிறார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி தொடக்கத்தில், நாம் போர்வை தேடும் நாள்களில்!

சாய்வினால் சென்னைக்கும் நமக்கும் உள்ள இடைவெளியும் நிலையாக இருப்பதில்லை. நம்மைவிட வடக்கே உள்ள சென்னையில் டிசம்பர்ப் பகல் இன்னும் குறுகியது. அங்கே சூரியன் 5:48க்கு மறையும்போது இங்கே 6:04, 16 நிமிடம். ஜூனில் சென்னையின் பகல் நீள்வதால் இடைவெளி ஐந்தாறு நிமிடமாகச் சுருங்குகிறது. ஆகவே "சென்னை நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்" என்னும் பொதுக்கணக்கு ஆண்டு முழுதும் உதவாது. ரமளான் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2018, 2019இல் மாம்பழக் காலத்தில் நோன்பிருந்தோம். 2030இல் ஜனவரியில் ஒரு ரமளானும், டிசம்பர் இறுதியில் மற்றொரு ரமளானும் தொடங்கும். இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும் குளிர்காலத்தில் இரண்டுமே வருகின்றன. வீட்டில் யார் கைப்பேசியில் எந்த ஊர் இருக்கிறது என்று அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கழா நோன்புகளை டிசம்பரில் வைக்கலாம் என்று தாயாரிடம் சொன்னோம். அப்போது நமது ஊரில் பகல் சுமார் 11 மணி 32 நிமிடம். மார்ச்சைவிட அரை மணி குறைவு. அவர்கள் ஒப்புக்கொண்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றினார்கள். கடைசி நோன்பன்று மாலை நாமும் உடனிருந்தோம். தம்பி செயலியில் ஊரை மாற்றிக் கொடுத்திருந்தார். தாயார் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி, வடக்கே மலையுச்சியில் வெயில் நீங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.