உறைபனிக்குப் போகும் வண்டி

மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும். கல்லாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, குன்னூர் வழியாக ஊட்டி சேர்ந்தால், மார்கழி விடியலில் தலைகுந்தா புல்வெளி சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடக்கும். கேரட், உருளைக்கிழங்கு ஏற்றப் போகும் சமவெளி வண்டிகள் சிக்குவது இங்கேதான்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் கடுங்குளிர் இரவில் உறைந்து விரிந்து வெடிக்கலாம். கூலன்ட் கலந்திருக்க வேண்டும். ஊரிலேயே தடுமாறும் பேட்டரி அங்கே கைவிட்டுவிடும். கண்ணாடியில் படிந்த பனிமேல் வெந்நீர் ஊற்றினால் விரிசல்தான் மிஞ்சும். நாற்றங்காலை மூடுவதுபோல், முந்தின இரவே கோணிச்சாக்கு விரித்துவிடுவது நல்லது.

உயிர் போகிற விஷயம் இறக்கத்தில்தான். குன்னூரிலிருந்து பர்லியாறு நோக்கிச் சுமையோடு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் கணக்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, அந்தப் பத்து ரூபாய்க்கு உயிரை அடகு வைப்பது. கருகல் வாடை வந்ததும் ஓரங்கட்டி, பிரேக்கை நன்றாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும்.