பரணில் கிடந்த குவாலி

எங்கள் வீட்டுப் பரணில் நெடுங்காலம் ஓர் இரும்புச் சட்டி கிடந்தது. அடி குழிந்து, வாய் அகன்று, இருபுறமும் காது வைத்த கனத்த சட்டி. அதனைக் ‘குவாலி’ என்றே சித்தப்பா அழைப்பார். அது மலாய்ச் சொல் என்பது எங்களுக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. பினாங்கிலிருந்து அவர் கொண்டுவந்த குடையும் டார்ச் விளக்கும் தைலப் புட்டிகளும் உறவினர் கைகளுக்குப் போயின. சட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவர் திரும்பியது 1969 இல். மலேசியாவில் குடியுரிமை இல்லாதோர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டுப் பெற்றாக வேண்டும் என்று முந்திய ஆண்டு சட்டம் இயற்றியிருந்தார்கள். சீட்டுக் கிடைக்காத தமிழர் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர். சித்தப்பாவும் ‘ரஜூலா’ கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவர் பார்த்த வேலை, தெருவோரக் கடையொன்றில் மீ கோரேங் போடுவது. ‘மீ’ என்பது சீனச் சொல், கோதுமை இழையைக் குறிப்பது. ‘கோரேங்’ என்றால் மலாயில் வறுத்தது. சீனரின் இழையைக் கடல் கடந்து சென்ற நம் தமிழ் முஸ்லிம்கள் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தம் கைப்பக்குவத்தில் ஆக்கிக்கொண்ட உணவு அது. சித்தப்பாவின் வாயில் அது வெறும் ‘மீ பெரட்டல்’.

வந்த மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு அதைச் செய்து தந்தார். பெட்டியில் காய்ந்த இழைக் கட்டுகளும் கறுத்த சோயாக் குழம்புப் புட்டி ஒன்றும் இருந்தன. அடுக்களை அடுப்பின் தணல் போதாதென்று கொல்லையில் மூன்று செங்கல் வைத்துத் தென்னை மட்டையை எரித்தார். தீ சட்டியின் விளிம்பைத் தாண்டி எழுந்தது. மனிதர் அன்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

மழைக்காலம். கொல்லை முழுவதும் மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. இலையில் வைத்ததைப் பார்த்ததும் எங்களுள் ஒருவர், “மண்புழு!” என்றார். மற்றவர்கள் சிரித்தோம். அப்பாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “சீனாக்காரன் திங்கிறத நம்ம வீட்டுல ஏம்ப்பா ஆக்குற?” என்றார். 1962 ஆம் ஆண்டுப் போர் முடிந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் பெயரே அப்போது ஒரு வசை. சித்தப்பா குளத்துக்குக் கை கழுவப் போன நேரத்தில் நாங்கள் இலைகளைக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டோம். பசுமாடு மட்டும் முகஞ்சுளிக்காமல் உண்டது. அது உண்பதை அவர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைத் தேய்த்துக் கழுவினார், எண்ணெய் தடவினார், பரணில் ஏற்றினார். 1991 இல் அவர் கண் மூடும் வரையில் அதை இறக்கவேயில்லை.

அப்பாயியைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் வந்திறங்கிய நாகையிலேயே, ஐரோப்பியர் ‘சீனக் கோபுரம்’ என்றழைத்த பழங்கோபுரம் ஒன்று மாலுமிகளுக்கு அடையாளமாக நின்றிருந்தது. கல்லூரிக்கு இடம் வேண்டி நம் இயேசு சபையாரே அரசின் இசைவோடு 1867 இல் அதனை இடித்தனர். இன்று நாங்கள் மூன்று வேளையும் உண்ணும் பொன்னியரிசியின் பிறப்பும் விசித்திரமானது. தைவானின் தைச்சுங் 65 என்ற நெல்லையும் மலாய் நாட்டு மாயாங் எபோஸ் 80 என்ற நெல்லையும் இணைத்துப் பிறந்த வகை அது. அதற்குக் காவிரியின் பெயரையே சூட்டி நம்முடையதாக்கிக்கொண்டோம். சோற்றுக்குக் கிடைத்த வரவேற்பு சித்தப்பாவின் இழைக்குக் கிடைக்காமல் போயிற்று.

1983 ஐ ஒட்டி இரண்டு நிமிட நூடுல்ஸ் பொட்டலங்கள் கடைகளுக்கு வந்தன. எங்கள் பிள்ளைகள் அதற்காக அழுதார்கள். மண்புழு என்று எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. திண்ணையில் இருந்த சித்தப்பா ஒரு வாய் உண்டுவிட்டு, “இது அவிச்சது பாப்பா, பெரட்டினது இல்ல” என்றார். எங்கள் அக்கா அன்று மாலையே ஒரு பள்ளி நோட்டுடன் அவரருகே அமர்ந்து முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏன் நாமே சமைக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்பது வேறு கேள்வி. கேட்கும் முகம் எங்களுக்கு இல்லை.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் ஊரில் கூடினோம். அப்போதுதான் குவாலி இறங்கியது. துரு ஏறியிருந்தது. தேங்காய் நாரும் மணலும் கொண்டு தேய்த்து, காய்ச்சி, எண்ணெய் தடவி, மீண்டும் காய்ச்சி, மூன்று முறை செய்தபின் கறுப்பு மினுமினுப்பு வந்தது. இழை தஞ்சாவூர்க் கடையில் வாங்கியது. பினாங்குச் சீனர்கள் காரநீர் விட்டுப் பிசைவதால் இழைக்கு மஞ்சள் நிறமும் இழுவையும் வருமென்பார் சித்தப்பா. எங்களுடையது வெளுப்பாக இருந்தது, போகட்டும் என்றோம்.

முதல் ஈடு களியாயிற்று. “ரெண்டு ஆள் அளவுக்கு மேல் போடாதே” என்று நோட்டில் இருந்ததை நாங்கள் மதிக்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் ஒரே முறையில் கொட்டினோம். குளிர்ந்த பண்டம் குவிந்தால் சட்டியின் சூடு இறங்கிவிடும். காய்கறி நீர்விடும். அந்நீரில் எல்லாம் வேகுமேயன்றி வறுபடாது. கடைக்காரர் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே போடுவதன் காரணம் அன்று விளங்கியது.

மறுபடி தொடங்கினோம். இழையை முக்கால் பதம் வேகவைத்து வடித்து, தண்ணீரில் அலசி, எண்ணெய் பிசறி, முறத்தளவு தட்டில் பரப்பி ஆறவிட்டோம். கொல்லையில் மூன்று செங்கல், தென்னை மட்டை. சட்டி புகைந்தபின் எண்ணெய், பூண்டு, ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுது, அவித்த உருளைக்கிழங்கு. முட்டையை உடைத்து ஊற்றி, அது பிடிக்குமுன் இழை. சோயாக் குழம்பை இழையின்மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் ஊற்ற வேண்டும். அது கொதித்துப் பொரிந்து எழுப்பும் மணம்தான் அப்பாயி முந்தானையால் பொத்திக்கொண்ட மணம். உப்பு தனியே வேண்டியதில்லை, குழம்பிலேயே உண்டு. கடைசியில் ஒரு கைப்பிடி முளைகட்டிய பச்சைப்பயறு, அதன் நறுக்கு மாறுமுன் இறக்கல், மேலே எலுமிச்சம்பழச் சாறு.

ஆறு ஈடு போட்டோம். தோள் வலித்தது. சித்தப்பா ஒரு மாலைக்கு எத்தனை ஈடு போட்டிருப்பார் என்று அக்கா கேட்டார், யாருக்கும் தெரியவில்லை.

பேரப்பிள்ளைகள் தட்டை வழித்து உண்டார்கள். இது யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒருத்தி கேட்டாள். பினாங்குக் கடையைப் பற்றியும் ரஜூலாவைப் பற்றியும் விரிவாகச் சொன்னோம். கழுநீர்த் தொட்டியைப் பற்றி எங்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.