லிட்டில் ஃப்ளவர் படித்த பள்ளி

தமிழ்நாட்டில் பல ஊர்களில் லிட்டில் ஃப்ளவர் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவரான குழந்தை இயேசுவின் தெரேசா எட்டரை வயதுவரை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. பிரான்சின் லிசியே நகரத்து வீட்டில் அக்கா பவுலின்தான் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மறைக்கல்வியும் விவிலிய வரலாறும் பிடித்துப்போயின; இலக்கணம்தான் படுத்தியது. மத்தியானம் அப்பாவோடு நடைப்பயிற்சி. குளிர்கால இரவுகளில் அக்காக்கள் வழிபாட்டு ஆண்டைப் பற்றிய நூலை வாசிப்பார்கள், அப்பா பாடுவார், பிறகு எல்லோரும் சேர்ந்து ஜெபம். 1881இல் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே கழிந்த ஐந்து ஆண்டுகள்தாம் தன் வாழ்க்கையிலேயே மிகச் சோகமானவை என்று பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நின்று, தனிப்பாடத்துக்குப் போனார். அவரைத்தான் 1997இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

என் பிள்ளைகளை ஏன் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறேன் என்று கேட்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் சமாதானம் ஆக மாட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் இது லேசில் எடுபடுகிற விஷயம் இல்லை. கத்தோலிக்கர் என்றாலே பள்ளிக்கூடம் கட்டியவர்கள் என்று ஊர் அறிந்திருக்கிறது. மற்றவர்கள் சீட்டுக்காகச் சிபாரிசு தேடி அலையும்போது, ஞானஸ்நானச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிள்ளையை வீட்டில் உட்கார வைத்தால் கேட்காமல் இருப்பார்களா? “நம்ம ஸ்கூல்ல அப்படி என்னம்மா குறை?” என்று பூசை முடிந்ததும் சிஸ்டர் கேட்டார். குறை ஒன்றும் இல்லை, நானே அங்கே படித்தவள்தான் என்றேன். என் மாமியாரின் கவலை வேறு: “நாளைக்கு டி.சி. கேட்டா எங்க போயி நிப்ப?”

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு உரிமை தருகிறது. வீட்டுக் கல்வியைப் பற்றி அது தனியாகப் பேசவில்லை. பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, பதினான்கு வயது நிறைந்தால் சேரலாம். மாமியாருக்கு இதில் பாதி நம்பிக்கைதான்.

எங்கள் வீட்டில் தனியாகக் கால அட்டவணை கிடையாது. பங்குக்கோயில் நாள்காட்டிதான் அட்டவணை. போன தவக்காலத்தில் மகள் அதை எடுத்து வைத்துக்கொண்டு சாம்பல் புதனிலிருந்து பெரிய சனிவரை விரல் வைத்து எண்ணினாள். “நாப்பது நாள் தவக்காலம்னு சொல்றீங்க, இதுல நாப்பத்தாறு வருதே?” விடையை நான் சொல்லவில்லை. கட்டத்துக்குக் கட்டம் மறுபடி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் ஆறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்றைக்கு நோன்பு இல்லை என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆறைக் கழித்ததும் நாற்பது வந்தது. அந்த நிமிடத்தில் அவள் படித்தது கணக்கா, மறைக்கல்வியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதோடு விடவில்லை. பெரிய வியாழன் இரவு ஆராதனை முடிந்து நடந்து வரும்போது, “போன வருசமும் இதே நாள் நிலா பெருசாத்தானே இருந்துச்சு?” என்றாள். வசந்த காலத்தின் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் பாஸ்கா. அதனால்தான் அது மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. அடுத்த ஒரு வாரம் மொட்டைமாடியில் நிலா தேய்வதைப் பார்ப்பதே அறிவியல் பாடம். சின்னவனுக்குக் கணக்கு ஜெபமாலையில் தொடங்கியது. அஞ்சு பத்து அம்பது, தொடக்கத்தில் வரும் அந்த மூன்று மணியையும் சேர்த்தால் அம்பத்திமூணு. பத்துப் பத்தாகக் கூட்டுவதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. தூக்கம் வரும் நேரத்தில் இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் அவனே பிடித்துக்கொண்டான்.

பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை புத்தகத்தை யாரும் தொட மாட்டார்கள். வரலாற்றுக்கு மணப்பாடு பக்கத்திலேயே இருக்கிறது. 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழில் ஆக்கிய ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்து, வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பினார். அவரது கடிதத்திலேயே இது இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’கூட மறைக்கல்வி நூல்தான். எங்கள் கடற்கரையில் கிறிஸ்தவம் நிலைத்தது வீட்டுக்குள் நடந்த பள்ளியால். அதில் ஆசிரியர்கள் பிள்ளைகள், மாணவர்கள் பெற்றோர். சவேரியாரையும் தெரேசாவையும் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலர்களாகச் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஊர் ஊராக அலைந்தவர், இன்னொருவர் கன்னியாகச் சேர்ந்த பிறகு மடத்தை விட்டு வெளியே வராதவர்.

தெரேசாவின் கதையில் வீட்டுக் கல்விக்காரர்கள் சொல்லாமல் விடுகிற பக்கமும் உண்டு. பள்ளிக்குப் போனபோது மற்ற பிள்ளைகளைப் போல விளையாடத் தெரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தன்னைவிடப் பெரிய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார், அவர்களில் ஒருத்தியின் பொறாமையை எதிர்க்கத் தெரியாமல் அழுதார். பாசம் மட்டும் இருக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பாசம் இல்லாதவர்களோடு பழகத் தெரியாது. அதனால்தான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பையும் பாடகர் குழுவையும் நாங்கள் விடுவதில்லை. அங்கே என் மகனைக் கிண்டல் செய்யும் பையன்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள், முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னது. அது வீட்டில் பாடம் நடத்தும் எங்களைப் போன்ற சிலருக்காகச் சொன்னது இல்லை. அதே அறிக்கை பள்ளிகளையும் மதித்தே பேசுகிறது. காலையில் வேனில் ஏற்றிவிடுகிற அம்மாவுக்கும், ஷிப்ட் முடிந்து வருகிற அப்பாவுக்கும் அந்த முதல் ஆசிரியர் வேலை இருக்கிறது. ஆங்கிலத்தையும் கணக்கையும் சிஸ்டர் என்னைவிட நன்றாகவே நடத்துவார். சாப்பாட்டு மேசையில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்த பிறகு ஜெபத்துக்கு எப்படிச் சேர்ந்து உட்காருவது என்பதை மட்டும் அவரிடம் ஒப்படைக்க முடியாது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நாங்கள் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் படிப்பார்கள், செய்யாவிட்டால் அதையும் பார்த்துப் படிப்பார்கள்.