வடக்கே போகும் லோரியில் ஓர் இரவு

நெடுஞ்சாலையில் காரில் போகும்போது, முன்னே மெதுவாக ஊரும் கனரக லோரியைக் கண்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. அதை ஓட்டுகிறவர் யார், அவர் வீட்டில் எப்படி நாள் கழிகிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் பிறந்து, செம்பனைக் காட்டு வேலையை விட்டு லோரி ஓட்டப் போன இளைஞர்கள் நம்மிடையே பலர். இன்னும் சிலர் போகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகவும் அவர்களின் இல்லத்தரசிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சென்ற பள்ளி விடுமுறையில், என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் லோரியில், அவருடைய முதலாளியின் அனுமதியோடு, கிள்ளான் துறைமுகத்திலிருந்து தாய்லாந்து எல்லையான புக்கிட் காயு ஈத்தாம் வரை போனேன். ஏறக்குறைய 500 கிலோமீட்டர். மாலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரீவர் என்று ஊர்ப் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன், லோரிகள் இந்த ஊர்களுக்குள் நுழைந்துதான் போயின. இப்போது ஊரும் தோட்டமும் தூரத்து விளக்குகளாகவே தெரிகின்றன.

தாப்பா ஓய்விடத்தில் தேநீர் குடித்தோம். லோரிகள் வரிசையாக நின்றன. ஒருவர் கைத்தொலைபேசியில் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வீட்டு வாடகைக்குக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே மேசையில் இரண்டு குடும்பங்களின் நிலை தெரிந்தது.

ஈப்போவைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள மெனோரா சுரங்கப்பாதை இங்கேதான் இருக்கிறது. ஏற்றத்தில் லோரி முனகியது. இறக்கத்தில் மாணவர் பேச்சை நிறுத்தினார். சின்ன கியரில் போட்டு, இஞ்சினின் பிடியிலேயே வண்டியை இறக்கினார். காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு இழந்துவிடுமாம். சமதளம் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

“சார், வீட்டுக் கவலையை வச்சிக்கிட்டு இந்த இறக்கத்துக்கு வரக்கூடாது. வீட்டை ஒழுங்கு பண்ணிட்டுத்தான் ஸ்டேரிங்ல உட்காரணும்.”

சுங்கை பேராக் ஓய்விடத்தில் மூன்று மணி நேரம் தூங்கினார். தூக்கத்தை விரட்ட மாத்திரை விற்கிறவர்களும் உண்டாம். அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார். தூங்குவதற்கு முன்னும் விழித்த பின்னும் அவர் சொன்னவற்றை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

முதலாவது, வீடு. தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டியிருக்கும். இவர் வேலையை விடும் முன் தோட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். மனைவி தோட்ட வேலையில் தொடர்ந்ததால் வீடு நிலைத்தது. பட்டணத்துக்குக் குடிபோவதானால் இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், ஒரு மாத வாடகையை முன்பணமாகவும் கேட்பது வழக்கம். அது கையில் இல்லாமல் வேலையை விடக்கூடாது.

இரண்டாவது, இடைக்காலம். மாதத் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தாலும் முதல் சம்பளம் அடுத்த மாதம் வரலாம். பல நிறுவனங்களில் அடிப்படைச் சம்பளம் குறைவு, டிரிப் காசுதான் அதிகம். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் காலங்களில் சில நாட்கள் கனரக லோரிகள் சாலையில் ஓடத் தடை விதிக்கப்படுகிறது. அந்த நாட்களில் டிரிப்பும் இல்லை, காசும் இல்லை. இவர் வேலையில் சேரும் முன்பே மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தார். நல்ல மாதத்தின் டிரிப் காசை வைத்துக் குடும்பச் செலவைக் கணக்கிடக்கூடாது, மோசமான மாதத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் கற்றுக்கொடுத்த கணக்கைவிட இது பெரிய கணக்கு!

அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் போகாதீர்கள். கூட்டுப் பணம் நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கட்டிய பணத்தோடு ஒருவர் ஓடிவிட்டால் நமக்குப் பாதுகாப்பு ஏது?

மூன்றாவது, பாதுகாப்பு. சம்பளச் சீட்டில் ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று மாதந்தோறும் பாருங்கள். சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது? கல்யாணத்துக்கு முன் எழுதியதை அப்படியே விட்டுவிடாதீர்கள். 2024 மே முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தாவில் 100 வெள்ளிக்கு 10 வெள்ளி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிடக்கூடாது. வேலைக்குப் போகாத இல்லத்தரசிகளுக்கும் 2022 டிசம்பரில் சொக்சோ திட்டம் தொடங்கியது. பன்னிரண்டு மாதத்துக்குச் சந்தா 120 வெள்ளி.

சம்மன் வந்தால் யார் கட்டுவது, அதிக பாரம் ஏற்றச் சொன்னால் யார் பொறுப்பு என்பதையும் வேலையில் சேரும் முன்பே முதலாளியிடம் கேட்டுவிட வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடக்கூடாது.

விடியும் நேரத்தில் குரூண் பக்கம் வந்தோம். இடப்பக்கம் ஜெராய் மலை மேகம் போர்த்தி நின்றது. நம் வரலாற்றில் கடாரம் என்று படிக்கிறோமே, அந்தக் கெடா மண். அலோர் ஸ்டார் பக்கம் பச்சை வயல்கள் விரிந்தன. எட்டு மணியளவில் எல்லையை அடைந்தோம். அங்கே லோரிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. அதற்குள் அவர் வீட்டுக்கு அழைத்தார். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பிள்ளைகளோடு இரண்டு நிமிடம் பேசுவது வழக்கமாம். அன்று பள்ளி விடுமுறை என்றாலும் அந்த வழக்கத்தை விடவில்லை.

ஊர் திரும்பிய பின் அவர் மனைவியைப் பார்த்தேன். சுவரில் தினசரி நாட்காட்டி. கணவர் வரும் நாளைப் பிள்ளைகள் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு தாளில் மூன்று பெயர்கள், மூன்று எண்கள்.

“இராத்திரியில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா கார் கொடுக்கிறவங்க சார் இவங்க. அவரு போறதுக்கு முன்னாடியே மூணு பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தோம்” என்றார். வங்கிக் கணக்கும் இருவர் பெயரில் இருக்கிறது. கணவர் பகலில் தூங்கும்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து அண்ணிகூட வானொலியைச் சின்னதாக வைக்கிறாராம்.

என் வகுப்பில் லோரி ஓட்டுநர்களின் பிள்ளைகள் உண்டு. அப்பா எப்போது வருவார் என்று தெரிந்த பிள்ளை பாடத்தில் கவனம் வைக்கிறது. தெரியாத பிள்ளை சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

லோரி ஓட்டப் போகும் தம்பிகளே, லைசன்ஸ் எடுக்கும் மும்முரத்தில் இருக்கிறீர்கள். நல்லது. அதற்கு முன் ஒரு நாள் மாலையில் மனைவியோடு உட்கார்ந்து, வீடு, சேமிப்பு, சேமநிதி, அவசரத்துக்கு உதவுகிறவர்கள், பிள்ளைகளோடு பேசும் நேரம் என்று ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய தாளை மனைவியிடமே கொடுத்துவிட்டுப் போங்கள்.