வெயில் எத்தனை மணிக்கு உள்ளே வரும்?

புதுக்கோட்டை மாவட்டம் இராயவரத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் பழைய மேல்தளத்தைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லி நாலு அங்குலத்துக்குப் பரப்பிக் கிடந்தது. சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து மரக்கட்டையால் தட்டினார்கள். என் கையிலிருந்த அகச்சிவப்பு வெப்பமானியைப் பார்த்து ஓர் அக்கா, "கொரோனாவுல காய்ச்சல் பாத்தாங்களே, அதுவா சார்?" என்றார். ஏறக்குறைய அதுதான்.

இந்தக் கருவி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே சொல்லும். கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்று முறைப்படி அறிய, உள்பக்கம் வெப்பப் பாய்வு உணரியை ஒட்டி, இரு பக்க வெப்பநிலையையும் குறைந்தது 72 மணி நேரம் பதிய வேண்டும். இரு பக்கமும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் கடக்கிறது என்பதே 'யு மதிப்பு'. குடியிருப்புகளுக்கென மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, கூரைக்கு 1.2-ஐ உச்சவரம்பாக வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் ஏறத்தாழ மூன்று மடங்கு கடத்தும்.

இந்தப் பக்கத்து வெயிலுக்கு யு மதிப்பு மட்டும் போதாது. உச்சிவெயில் எத்தனை மணிக்கு உள்ளே வந்து சேரும் என்றும் கேட்க வேண்டும். 6 அங்குலக் கான்கிரீட்டைக் கடக்கச் சுமார் 4 மணி நேரம். 9 அங்குலச் செங்கல் சுவரைக் கடக்க ஏழெட்டு. இரண்டடிச் சுவரைத் தாண்டுவதற்குள் ஒரு நாளின் பெரும்பகுதி கழிந்துவிடும், சூடும் மட்டுப்பட்டிருக்கும். ஆனால் அத்தனை கனமான சுவர் சூட்டைச் சேர்த்தும் வைக்கும். இரவில் அது வெளியேறத் திறந்த முற்றம் வேண்டும். பகலில் ஜன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுவதும் இதற்காகத்தான்.

"தட்டினது போதும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கொத்தனார் கட்டையை வாங்கினார். ஈரம் இருந்த மூலையில் 'தொப்'பென்று விழுந்தது. முந்தின நாள் தட்டிய இடத்தில் 'டங்'கென்று எகிறியது. "கட்டை எந்திரிக்கணும் தம்பி. அதுவரைக்கும் தட்டணும்." தளம் இறுகினால்தான் தண்ணீர் இறங்காது, நனைந்த தளம் வெப்பத்தைக் கூடுதலாகக் கடத்தும். தளம் இறுகிய பிறகுதான் அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள்.

மாலையில் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். கான்கிரீட் வீடு. மொட்டைமாடி ஆறத் தொடங்கிய பிறகும் உள்கூரையில் வெப்பமானி எண் ஏறிக்கொண்டே இருந்தது. இங்கும் சுண்ணாம்புத் தளம் போடலாமே என்றேன்.

"பத்துப் பேரு ஒரு வாரம் தட்டணும். கூலிக்கு எங்க போறது?"

மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடிக்கப்போகிறாராம். வெயிலில் ஒரு பங்கைத் தளத்தில் இறங்கவிடாமல் அது திருப்பியனுப்பும். ஒரே ஆள் அரை நாளில் அடித்துவிடலாம்.